மடிக்கணினியில் ஓடுகிறது, கிளவுடில் ஏற்றினால் 503: லாக் பதிவின் கடைசி வரி போர்ட்டைக் குறை சொல்கிறது

கோரைப்பாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பத்தமடைக்காரன், பாளையங்கோட்டையில் ஒரு சிறு அலுவலகத்தில் நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் பாய் நெய்யும் சில குடும்பங்கள் வெளியூர் ஆர்டர்களை நேரடியாக வாங்கிக்கொள்வதற்காக ஒரு வலைச்செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாயின் அகலம், சாயத்தின் நிறம், கல்யாணப் பாயானால் அதில் நெய்ய வேண்டிய மணமக்கள் பெயர் ஆகியவற்றை வாடிக்கையாளர் பதிந்தால், தமிழில் ஒரு ரசீது பிடிஎஃப் கோப்பாக உருவாகி அவருக்குப் போய்ச் சேரும். நோட், எக்ஸ்பிரஸ் என்னும் நிரல் கருவிகளையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் கொண்டு எழுதப்பட்டது.

2023 டிசம்பர் வரை வண்ணார்பேட்டையில் நண்பரின் கடையில் இருந்த ஒரு பழைய கணினிதான் எங்கள் வழங்கி (சர்வர்). அந்த மாதத்து வெள்ளத்தில் தாமிரபரணி கடைக்குள் வந்தபோது அதுவும் போயிற்று. தரவுத்தளத்தின் நகல் ஒன்றை என்னிடம் வைத்திருந்ததால் ஆர்டர்கள் தப்பின. அதன் பிறகு என் மடிக்கணினியை வைத்தே காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் கிளவுடுக்கு மாற்றத் துணிந்தேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தைக் காட்டிவிட்டால், அங்குள்ள டாக்கர்ஃபைல் என்னும் செய்முறைக் கோப்பைக் கொண்டு படிமத்தை (செயலியும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி) கட்டி, அதைக் கண்டெய்னர் என்னும் தனி அறைக்குள் தானாகவே ஓட்டும் சேவை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பில்டு, அதாவது படிமத்தைக் கட்டும் வேலை, ஒவ்வொரு முறையும் பச்சை காட்டி முடிகிறது. முகவரியைத் திறந்தால் 503 என்ற பிழை எண் வருகிறது. லாக் பதிவின் (ஓட்டத்தில் நடப்பதை வரிவரியாகக் குறித்துவைக்கும் கோப்பு) கடைசி வரி, கண்டெய்னர் 8080 என்ற போர்ட்டில் (செயலி கோரிக்கைகளைக் கேட்கும் வாசல் எண்) பதில் சொல்லவில்லை என்கிறது. 3000 என்று இருந்ததை 8080 என்று மாற்றினேன். பிறகு போர்ட் என்னும் சூழல் மாறியிலிருந்து (சேவை வெளியிலிருந்து செயலிக்குத் தரும் மதிப்பு) எண்ணை எடுக்கும்படி எழுதினேன். நினைவகத்தை 512 எம்பியிலிருந்து 1 ஜிபியாக உயர்த்தினேன். சேவையையே அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினேன். பதினொரு முறை டிப்ளாய் செய்தாயிற்று (கிளவுடில் ஏற்றியாயிற்று), கடைசி வரி மட்டும் மாறவில்லை. அதே படிமத்தை என் விண்டோஸ் மடிக்கணினியில் டாக்கரில் ஓட்டினால், செயலி கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற வரி ஒழுங்காக வருகிறது. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

குறுக்குத்துறை

தம்பி, பதினொரு முறை டிப்ளாய் செய்தது தவறில்லை. நான்கு இடங்களில் கை வைத்துவிட்டு லாக் பதிவின் ஒரே ஒரு வரியை மட்டும் படித்ததுதான் தவறு. அந்தக் கடைசி வரியை உங்கள் செயலி எழுதவில்லை. வெளியே நின்று கதவைத் தட்டிப் பார்த்த சேவை எழுதியது. உள்ளே செயலி வேறு காரணத்தால் விழுந்திருந்தாலும், தவறான போர்ட்டில் நின்றிருந்தாலும், தொடங்கவே நேரமாகியிருந்தாலும், அதற்குத் தெரிவதெல்லாம் குறிப்பிட்ட போர்ட்டில் பதில் இல்லை என்பது மட்டுமே. ஆகையால் எல்லா நோய்க்கும் அது ஒரே பெயரைத்தான் சொல்லும். நோயின் உண்மையான பெயர் லாக் பதிவின் மேற்பகுதியில், செயலி தானே எழுதிய முதல் பிழைவரியில் இருக்கும்.

பில்டு பச்சையாக முடிந்தது என்றால் படிமம் உருவாகிவிட்டது என்பது மட்டுமே பொருள். அந்தப் படிமம் எழுந்து நிற்குமா என்பதற்கு அது சாட்சியில்லை. கட்டுவது, எழுவது, ஓடுவது ஆகிய மூன்றும் மூன்று தனிக் கட்டங்கள். நீங்கள் இரண்டாவதில் மாட்டியிருக்கிறீர்கள். 503 என்பதும் அதையே சொல்கிறது: கோரிக்கையை ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக ஓடும் செயலியின் பிரதி ஒன்றுகூட இல்லை. 502 வந்திருந்தால், முன்னே நின்று கோரிக்கையைக் கடத்தும் ப்ராக்ஸிக்குப் பின்னாலிருக்கும் செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்றும், 504 வந்திருந்தால் பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது என்றும் எடுத்துக்கொண்டு வேறு திசையில் தேடியிருப்போம். செயலி எழுந்து நிற்க எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பது சேவைக்குச் சேவை மாறும். ஹெரோக்கு 60 விநாடி தரும், அஷூர் ஆப் சர்வீஸ் இயல்பாக 230 விநாடி வரை காத்திருக்கும்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ஒன்று, கண்டெய்னர் தொடங்கியதிலிருந்து வரும் முதல் இருபது வரிகள் என்ன? மற்றொன்று, மடிக்கணினியில் டாக்கரில் ஓட்டியபோது, கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற வரியைப் பார்த்ததோடு நின்றுவிட்டீர்களா, அல்லது உலாவியில் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா?

கோரைப்பாய்

உடனே பதில் எழுதியதற்கு நன்றி, அண்ணாச்சி. உலாவியில் திறந்து பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது திறந்தேன், பக்கம் வரவில்லை.

லாக் பதிவின் மேற்பகுதிக்குப் போனால் நீங்கள் சொன்னபடி வேறு ஒரு பிழைதான் இருக்கிறது. மாடல்ஸ் அடைவில் ஆர்டர் என்னும் மாட்யூலை (நிரல் கோப்பை) கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி, வெளியேறும் எண் 1 உடன் செயலி நின்றுவிடுகிறது. அந்தக் கோப்பு என் கண் முன்னாலேயே இருக்கிறது. மற்ற மாடல் கோப்புகளெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவதால், போன மாதம் இதையும் பெரிய ‘ஓ’வில் தொடங்கும்படி பெயர் மாற்றினேன். நிரலில் அழைக்கும் வரியிலும் பெரிய ‘ஓ’தான். இரண்டும் பொருந்தித்தான் இருக்கின்றன, பிறகு ஏன் கிடைக்கவில்லை?

குறுக்குத்துறை

உங்கள் கண் முன்னால் இருப்பது விண்டோஸின் கோப்பு, தம்பி. கிளவுடுக்குப் போனது கிட் அறிந்த கோப்பு. முனையத்தில் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, அந்தப் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிறிய ‘ஓ’ இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

விண்டோஸின் கோப்பு முறைமை இயல்பாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போவது அடுத்த செய்தி: விண்டோஸில் கிட்டும் கோர் டாட் இக்னோர்கேஸ் என்ற அமைப்பை ஆம் என்று வைத்துக்கொள்வதால், எழுத்தளவு மட்டும் மாறிய பெயர் மாற்றத்தை அது மாற்றமாகவே கருதாது. நீங்கள் பெயரை மாற்றினீர்கள், நிரலையும் திருத்தினீர்கள். நிரலின் திருத்தம் மட்டும் கமிட்டில் (களஞ்சியப் பதிவில்) ஏறியது, கோப்பின் பெயர் களஞ்சியத்தில் பழையபடி தங்கிவிட்டது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே இல்லாததாலோ என்னவோ, நம் பிள்ளைகளின் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடுகிறது. நானும் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன்தான்.

கிட் எம்வி கட்டளையால் முதலில் வேறு ஏதாவது ஒரு பெயருக்கு மாற்றி, அங்கிருந்து பெரிய ‘ஓ’ உள்ள பெயருக்கு மாற்றிக் கமிட் செய்யுங்கள்.

உங்கள் மடிக்கணினியில் டாக்கரில் ஓடியதே என்பீர்கள். அங்கே படிமத்தைக் கட்டியபோது டாக்கர் உங்கள் அடைவிலிருந்த பெரிய ‘ஓ’ கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொண்டது, ஓடியது. கிளவுட் சேவையோ களஞ்சியத்திலிருந்து எடுத்தது. ஆகவே அதே படிமம் என்று நீங்கள் எழுதியது சரியன்று. ஒரே டாக்கர்ஃபைலிலிருந்து கட்டப்பட்ட இரண்டு வேறு படிமங்கள் அவை. இனிமேல் சோதிப்பதானால், ஒரு வெற்று அடைவில் புதிதாகக் கிட் குளோன் செய்து (களஞ்சியத்தை நகலெடுத்து), அதற்குள்ளிருந்து படிமத்தைக் கட்டுங்கள். ஒரு டிப்ளாய்க்கு ஐந்தாறு நிமிடம் காத்திருப்பதைவிட, இருக்கும் இடத்திலேயே அரை நிமிடத்தில் பிழை கைக்கு வந்துவிடும்.

இது தீர்ந்ததும் அதே கடைசி வரி மறுபடி வரும், திகைக்க வேண்டாம். உலாவியில் பக்கம் திறக்கவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் வேறு. எக்ஸ்பிரஸில் லிசன் என்று அழைக்கும் வரியில் போர்ட் எண்ணுக்குப் பிறகு லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, என்பது அதனதன் சொந்த வீடு. அந்த முகவரியில் கேட்கும் செயலிக்கு வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டுமே காது கேட்கும், தெருவிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கச் சொல்லும் 0.0.0.0 என்று எழுதுங்கள், அல்லது அந்த இரண்டாவது மதிப்பையே எடுத்துவிடுங்கள். போர்ட் எண்ணைச் சூழல் மாறியிலிருந்து எடுக்கும்படி நீங்கள் செய்த மாற்றம் சரியானது, அது இருக்கட்டும். கூகுளின் கிளவுட் ரன் போன்ற சேவைகள் இயல்பாக 8080 தரும், ஹெரோக்கு ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைத் தானே தரும். செயலி 3000-இல் நிற்க, சேவை 8080-இல் தேடுவது, திருநெல்வேலி சந்திப்பில் நிற்கும் ஆளை வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் தேடுவது போலத்தான்.

அம்பைக்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாதத்துக்கு நாற்பது ஐம்பது ஆர்டர் வரும் செயலிக்குக் கண்டெய்னர், படிமம், போர்ட் என்று இத்தனை சிரமம் தேவையா? மாத வாடகைக்கு ஒரு சிறிய மெய்நிகர் கணினியை எடுத்து, அதில் உபுண்டு லினக்ஸ், என்ஜின்எக்ஸ் வலை வழங்கி, போஸ்ட்கிரெஸ் மூன்றையும் நிறுவி, பழைய வண்ணார்பேட்டைக் கணினியைப் போலவே ஓட்டலாமே?

குறுக்குத்துறை

ஓட்டலாம், தவறே இல்லை. நானே இரண்டு செயலிகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இயக்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள், சான்றிதழ் புதுப்பிப்பு, தரவுத்தள நகல், வட்டு நிறைந்துவிட்டதா என்ற கவலை எல்லாம் அப்போது இந்தத் தம்பியின் தலையில்தான் விழும். அதோடு, எழுத்தளவுப் பிழை அந்த உபுண்டுவிலும் இதே வேகத்தில் வந்து நின்றிருக்கும்.

கோரைப்பாய்

அண்ணாச்சி, பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். பட்டியலில் சிறிய ‘ஓ’தான் இருந்தது. லிசன் வரியில் லோக்கல்ஹோஸ்டும் இருந்தது. இரண்டையும் திருத்தியதும் முதற்பக்கம் வந்துவிட்டது, மூன்று நாளைக்குப் பிறகு அதைப் பார்த்தேன். ஆனால் ஆர்டர் பக்கத்தைத் தொட்டால் 500, அதாவது செயலிக்குள்ளேயே பிழை என்று வருகிறது. இந்த முறை லாகை மேலிருந்து படித்தேன்: 127.0.0.1 முகவரியில் 5432 போர்ட்டுக்கான இணைப்பு மறுக்கப்பட்டது என்று இருக்கிறது.

நீங்கள் சொன்ன வீட்டுக் கணக்கையே இதற்கும் போட்டுப் பார்த்தேன். செயலி தன் சொந்தக் கண்டெய்னருக்குள்ளேயே போஸ்ட்கிரெஸைத் தேடுகிறது. தரவுத்தள முகவரியை இஎன்வி கோப்பில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல் இருப்பதால் அந்தக் கோப்பு கிட்இக்னோரில் (கிட் விட்டுவிட வேண்டிய கோப்புகளின் பட்டியலில்) இருக்கிறது. அதனால் கிளவுடுக்குப் போகவில்லை. சேவையின் அமைப்புப் பக்கத்தில் அந்த மதிப்புகளைச் சூழல் மாறிகளாகக் கொடுத்ததும் ஆர்டர் பக்கம் திறந்துவிட்டது. நான் செய்தது சரிதானா?

சாரல் தென்காசி

சரிதான், தம்பி. கடவுச்சொல்லை மட்டும் சாதாரண மாறியாக வைக்காமல், உங்கள் சேவையில் ரகசியங்களுக்கென்று இருக்கும் தனிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். இஎன்வி கோப்பின் பெயரை டாக்கர்இக்னோரிலும் சேருங்கள். இல்லாவிட்டால் மடிக்கணினியில் கட்டும் படிமத்துக்குள் கடவுச்சொல் நகலாகிவிடும், அந்தப் படிமத்தை யாருக்காவது அனுப்பினால் கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும்.

தரவுத்தள இணைப்பைப் பற்றி இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். நோடில் நாம் பயன்படுத்தும் பிஜி நூலகத்தின் பூல் (இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் தொகுதி), பிரதி ஒன்றுக்கு 10 இணைப்புகள் வரை எடுத்துக்கொள்ளும். திடீரென்று கூட்டம் வந்து சேவை பத்துப் பிரதிகளை எழுப்பினால் கணக்கு அங்கேயே முட்டிவிடும். உங்கள் செயலிக்கு அதிகபட்சம் இரண்டு பிரதிகள் போதும் என்று வரம்பு வைத்துவிடுங்கள். செலவும் கட்டுக்குள் இருக்கும்.

நான் கேட்க நினைப்பது வேறு. கல்யாணப் பாய்க்கு வாடிக்கையாளர்கள் மாதிரிப் படம் அனுப்புவார்களே, அந்தப் படங்களை எங்கே சேமிக்கிறீர்கள்? செயலியின் அடைவுக்குள் அப்லோட்ஸ் என்று ஒரு கோப்புறையில் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். கண்டெய்னரின் வட்டு நிலையானதன்று. அடுத்த டிப்ளாயில் புதிய கண்டெய்னர் வரும்போது பழையதில் எழுதப்பட்டவை எல்லாம் அதோடு போய்விடும். எந்தப் பிழையும் லாகில் வராது என்பதுதான் இதன் கொடுமை. ஒரு பள்ளிக்கு நான் எழுதிய செயலியில் மாணவர் புகைப்படங்கள் இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை காணாமல் போயின. சனிக்கிழமை முழுவதும் அலுவலக மின்னஞ்சலைத் துழாவி ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். படங்களைப் பொருள் சேமிப்பகத்தில் (கோப்புகளைக் கண்டெய்னருக்கு வெளியே நிலையாக வைக்கும் கிளவுட் சேவை) வைத்து, தரவுத்தளத்தில் முகவரியை மட்டும் எழுதுங்கள்.

கோரைப்பாய்

அக்கா, அப்லோட்ஸ் கோப்புறையில்தான் வைத்திருந்தேன். நல்லவேளை, இன்னும் எந்த வாடிக்கையாளருக்கும் புதிய முகவரியைக் கொடுக்கவில்லை. இன்று இரவே மாற்றிவிடுகிறேன்.

இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, ரசீதில் ஆங்கிலமும் எண்களும் வருகின்றன, தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கட்டங்கள் நிற்கின்றன. மடிக்கணினியில் இப்படி வந்ததே இல்லை. ரசீதை ஹெச்டிஎம்எல் பக்கமாக எழுதி, குரோமியம் உலாவியைத் திரையில்லாமல் ஓட்டிப் பிடிஎஃப் எடுக்கிறேன். மற்றொன்று, சோதனைக்காக நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்ட ஆர்டரின் ரசீதில் முந்தைய நாள் தேதி இருக்கிறது.

சாரல் தென்காசி

தமிழ் கெட்டு வருவதில் நான்கு வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கட்டங்களாக வந்தால், எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை என்று பொருள். கேள்விக்குறிகளாக வந்தால், வழியில் எங்கேயோ தமிழை அறியாத குறியேற்றத்துக்கு (எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறை) மாற்றப்பட்டு எழுத்தே அழிந்துவிட்டது. மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், யுடிஎஃப்-8 ஆக எழுதியதை வேறு குறியேற்றமாகப் படித்திருக்கிறார்கள். எழுத்துகள் வந்தும் ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறித் தனித்தனியே நின்றால், பிடிஎஃப் எழுதும் நூலகத்துக்கு இந்திய மொழி எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. உங்களுடையது முதல் வகை, எளிதில் தீரும். குரோமியத்துக்கு எழுத்தைக் கோக்கத் தெரியும் என்பதால் நான்காவது வகை உங்களுக்கு வராது.

விண்டோஸில் நிர்மலா என்ற தமிழ் வரையும் எழுத்துரு இயக்குதளத்தோடு வந்துவிடுவதால் அங்கே குறை தெரியவில்லை. நீங்கள் அடிப்படையாக எடுத்திருப்பது ஸ்லிம் என்னும் குறைத்த வகை டெபியன் லினக்ஸ் படிமமாக இருக்கும், அதில் எழுத்துருக்கள் பெரும்பாலும் கிடையாது. டாக்கர்ஃபைலில் தொகுப்புகளை நிறுவும் வரியில் ஃபான்ட்ஸ்-லோஹித்-தமிழ் தொகுப்பையோ, நோட்டோ எழுத்துருக்கள் அடங்கிய ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் தொகுப்பையோ சேருங்கள். முதல் தொகுப்பின் பெயரில் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் டி, ஏ, எம், எல் என்ற நான்கே எழுத்துகளில் எழுதியிருப்பார்கள். முழுச் சொல்லாக எழுதினால் அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்று பில்டு நின்றுவிடும். ஸ்டைல் கோப்பில் லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் எழுத்துருவின் பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ரசீதின் தோற்றம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பையே களஞ்சியத்தில் வைத்து அங்கிருந்து அழைப்பது இன்னும் உறுதியான வழி. நான் அப்படித்தான் செய்கிறேன்.

தேதிக்குக் காரணம் நேர மண்டலம். கிளவுட் வழங்கிகள் வழக்கமாக யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே இங்கே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை பதிவாகும் எல்லாமும் அங்கே முந்தைய நாளாகவே கணக்காகும். தரவுத்தளத்தில் நேரத்தை மண்டலத்தோடு சேர்ந்த வகையில் சேமித்து, காட்டும் இடத்தில் மட்டும் ஆசியா/கொல்கத்தா என்று குறிப்பிட்டு மாற்றுங்கள். வழங்கியின் கடிகாரத்தையே நம் நேரத்துக்குத் திருப்பி வைப்பதும் வேலை செய்யும், ஆனால் அடுத்த முறை சேவையை மாற்றும்போது அந்த அமைப்பு யாருக்கும் நினைவிருக்காது.

குறுக்குத்துறை

தங்கச்சி சொன்னதில் சேர்க்க ஒன்றே ஒன்று உண்டு. குரோமியம் நினைவகத்தை நன்றாகத் தின்னும். பிடிஎஃப் எடுக்கும் நேரத்தில் மட்டும் கண்டெய்னர் விழுந்து, வெளியேறும் எண் 137 என்று வந்தால் நிரலில் தேடாதீர்கள். 128-உடன் 9 சேர்ந்த எண் அது, 9 என்பது வலுக்கட்டாயமாக நிறுத்தும் சைகை. பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதற்காகத்தான் வரும். நீங்கள் காரணம் தெரியாமல் 1 ஜிபியாக உயர்த்தியது இந்த ஓரிடத்தில் பயன்படும். அதைக் குறைத்துவிடாதீர்கள்.

கோரைப்பாய்

எழுத்துருவைக் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டேன். படங்கள் பொருள் சேமிப்பகத்துக்குப் போய்விட்டன. தேதி காட்டும் இடம் மூன்று இருந்தது, மூன்றையும் மாற்றினேன். அண்ணாச்சி சொன்னபடி ஒரு வெற்று அடைவில் குளோன் செய்து, அதிலிருந்து கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இந்த முறை டிப்ளாய் செய்தேன். 137 ஒரே ஒரு முறை, இரண்டு ரசீதுகளை ஒரே நேரத்தில் எடுத்தபோது வந்தது. ரசீதுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்படி வரிசையில் விட்டதும் நின்றுவிட்டது.

இன்று காலை 4.50-க்குத் துபாயிலிருந்து ஒரு கல்யாணப் பாய்க்கு ஆர்டர் வந்திருக்கிறது. ரசீதில் இன்றைய தேதி இருக்கிறது, மணப்பெண் பெயரில் இருக்கும் ‘கோ’வில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. அச்செடுத்துத் தறியில் இருந்த அம்மாவிடம் கொடுத்தேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பாயின் அகலத்தைக் காட்டும் எண்ணை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்கள். இதை எழுதி முடித்ததும் அந்த வேலைதான்.